பொதுப் பிரிவில் நாலு பெண்கள்

அண்ணி கையிலிருந்து எதையாவது வாங்குவதென்றால் நாத்தனார் காத்தாடிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கையைப் பின்னால் நீட்டினால் போதும், பொருள் தானாக வந்து உள்ளங்கையில் உட்காரும். இதில் தெய்வ அருள் ஒன்றும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பழகிய பழக்கம்தான்.

இருவரும் ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகள், விடுதிகள் என்று ஊரில் யார் எங்கே படுத்து எழுந்தாலும் அந்தப் படுக்கை விரிப்பு கடைசியில் இங்கேதான் வரும். வெளுத்து, அலசி, சூடான உருளைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ஆவி பறக்க நீண்டு வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டு, அந்த வேகத்திலேயே அடுத்த விரிப்புக்குத் திரும்ப வேண்டும். நின்று பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் அடுத்தது தரைக்குப் போய்விடும். தரையைத் தொட்டது மறுபடி அழுக்கு மூட்டைக்கு.

இயந்திரச் சத்தத்தில் வாய்ப் பேச்சு எடுபடாது. அதனால் மடிப்புக்காரிகளுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குகிறவள் முதலில் ஒரு இழுப்பு இழுப்பாள். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்புறம் இன்னொரு இழுப்பு. இனி நீ விடலாம் என்று அர்த்தம். இரண்டாவது இழுப்புக்குக் காத்திராமல் விட்டுத் தொலைத்தவளுக்கு மேஸ்திரியம்மாவிடமிருந்து கிடைக்கும் அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

அந்த மேஸ்திரியம்மாதான் ஆலையின் ரிலே அணிக்கு முதல் ஆள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஓடுவாள். இந்த வருடத்தோடு சரி என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஆள் பொடிசு. துணி வண்டி தள்ளுகிறவள், வண்டியைவிடக் குள்ளம், எந்நேரமும் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருப்பாள். மூன்றாவது அண்ணி. கடைசி ஆள் நம் காத்தாடி, அண்ணியின் வீட்டுக்காரருடைய தங்கை. ஓடும்போது அவள் கையும் காலும் நாலு பக்கமும் சுழலும், அந்தப் பெயரும் அதனால்தான். ஓடுகிறாளா, பறக்கிறாளா, விழப்போகிறாளா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவளை முந்தியவர்கள் ஊரிலேயே மிகச் சிலர்தான்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று உலகம் எதிர்பார்க்கிறது. இவர்கள் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி அண்ணனுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டார்கள். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இவர்கள் இருவரும் ஒரு கட்சி, அண்ணன் மட்டும் தனியாக எதிர்க்கட்சி.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆலையின் பாய்லர்காரர். ஆலைக்குப் பின்னால் நிலக்கரி கொட்டும் முற்றத்தில் ஓடவிடுவார். பேட்டன் குச்சியைப் பெண்கள் கைமாற்றுவதைப் பார்த்து முதல் நாளே அசந்துபோனவர், ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு இழுப்பு இழுத்தா விட்டுடணும்மா! ரெண்டாவது இழுப்புக்கு என்ன காத்துக்கிட்டு நிக்கிறீங்க? அது பேட்டன், பெட்ஷீட் இல்ல!"

கத்திக் கத்தி ஒருவழியாக அந்தப் பழக்கத்தை விடவைத்தார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஊரின் வேலைத்தலங்களுக்கான போட்டியில் நர்சுகள் அணிதான் முதல், இவர்கள் இரண்டாவது. இந்த வருடம் நர்சுகளின் கடைசி ஆள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்பதுவரை மேஸ்திரியம்மா முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் புதிய விதி வந்து சேர்ந்தது.

மகளிர் பிரிவில் ஓடுகிற ஒவ்வொருத்தியும் தான் பெண்தான் என்பதைப் பரிசோதனையில் நிரூபிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவை தடவி எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், வலிக்காது என்றார்கள். ஆண்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஆண் என்று ஒருவன் சொன்னால் உலகம் அப்படியே நம்பிவிடும்.

பொடிசுக்கு வாயில் இருந்ததைத் துப்பச் சொன்னதுதான் வருத்தம். மற்ற மூன்று பேரும் வாயை ஆவென்று திறந்து காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினார்கள்.

சில நாள் கழித்து, போட்டியை நடத்தும் விளையாட்டுக் கூட்டமைப்பின் செயலாளர் காத்தாடியை மட்டும் கூப்பிட்டனுப்பினார். அண்ணியும் கூடப் போனாள். செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் மேடையில் வரவேற்புரை வாசிப்பதுபோலத்தான் சொல்ல வரும். அன்றைக்கு வரவேற்புரையும் வரவில்லை.

"அதாவது... பரிசோதனையில ஒரு சின்ன... எப்படிச் சொல்றது... தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது," என்றவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆண்களுக்கு இருக்க வேண்டிய ஒன்னு உங்க ரத்தத்துல, அதாவது அணுவுல..."

"சார், நேராச் சொல்லுங்க. எங்களுக்கு ஷிஃப்ட் இருக்கு," என்றாள் அண்ணி.

அவர் நேராகச் சொன்னார்: சோதனையில் அவளுக்கு ஆண்களுக்குரிய குரோமோசோம் வந்திருக்கிறது. காத்தாடிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மறு நிமிடம்தான் மீதி புரிந்தது. மகளிர் பிரிவில் அவள் இனி ஓட முடியாது.

டாக்டரம்மா ஒருத்தியிடம் போனார்கள். அவள் பொறுமையாகப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள், காத்தாடியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். காத்தாடிக்கு மாதவிலக்கு ஏன் வந்ததே இல்லை என்ற பழைய கேள்விக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. கர்ப்பப்பை இல்லை. கருவிலேயே ஆண்களுக்குரிய விந்தகமாக உருவான ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அது 'ஆணாகு, ஆணாகு'ன்னு உள்ளே இருந்து கத்திக்கிட்டேதான் இருக்கு. ஆனா உங்க உடம்பு அதைக் காதுலயே வாங்கல. பிறந்ததுல இருந்து நீங்க பொண்ணாத்தான் வளர்ந்தீங்க, பொண்ணுதான். இப்படிப் பிறக்கிறவங்க இருக்காங்கம்மா, வெளியே தெரியறதில்ல, அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியா? நான் எவ்வளவு கத்தினாலும் காதுலயே வாங்க மாட்டார்," என்றாள் அண்ணி. டாக்டரம்மா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். காத்தாடியும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

மேல்முறையீடு செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். அதற்குத் தலைநகரத்து நிபுணர்கள் குழு முன்னால் போக வேண்டும்; அவர்கள் மறுபடி எல்லாவற்றையும் பார்ப்பார்கள், அளப்பார்கள், எழுதுவார்கள்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் காத்தாடி. "நான் பொண்ணுதான்னு இன்னும் எத்தனை பேருக்குத் துணியை அவிழ்த்துக் காட்டணும்?"

வீட்டில் அண்ணனிடம் சொன்னார்கள். அவன் குற்றவாளிபோலக் கேட்டான்: "சின்ன வயசுல என் சட்டையை எடுத்து எடுத்துப் போட்டுப்பா. நானும் விட்டுட்டேன். அதனாலயா?"

அண்ணி கையிலிருந்த ஈரத் துண்டை அவன் தலைமேல் எறிந்தாள். அன்று முழுக்க அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கூட்டமைப்பு யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தது. இருந்தாலும் சேதி கசிந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி மேலும் கீழும் பார்த்தாள். ஆலையின் உடைமாற்றும் அறையில், உருளைப் பகுதிக்குப் புதிதாக வந்த ஒருத்தி, காத்தாடி உள்ளே வந்ததும் ரவிக்கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்ததில் அந்தப் பெண் அடுத்த நாளே வேறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்றாலும் அந்தக் கை நெஞ்சுக்குப் போனதைக் காத்தாடியால் மறக்க முடியவில்லை. முற்றத்தில் ஓடுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

செயலாளருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் மதிய இடைவேளையில் ஆலைக்கே தேடி வந்துவிட்டார். விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே ஆவியில் வியர்த்துப்போய் நின்றுகொண்டு, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்.

"ஆண்கள் பிரிவை இந்த வருஷம் பொதுப் பிரிவுன்னு மாத்தியிருக்கோம். ஆண், பெண் பேதமில்லை. யார் வேணா ஓடலாம். மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்க அணியில ஒரு ஆள் குறையுது. நீங்க அவங்களோட..."

"ஆம்பளைங்களோட," என்றாள் காத்தாடி.

"பொது..."

"பேரை மாத்தினா போதுமா சார்? ஓடறது ஆம்பளைங்கதானே. நான் போய் அவங்களோட நின்னா, 'பாத்தியா, நாங்க சொன்னது சரிதான்'னு ஆயிடும். எனக்கு ஓடணும் சார். ஓடாம இருக்கறது எனக்கு மூச்சு முட்டுது. ஆனா பொண்ணா ஓடணும். இவங்களோட ஓடணும். வேற எதுவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு உருளைப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அண்ணி பாத்திரம் கழுவ, காத்தாடி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கழுவிய தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"யார் வேணா ஓடலாம்னா சொன்னாரு?"

"ஆமா அண்ணி. அதுக்கென்ன?"

"யார் வேணான்னா, நான்?"

காத்தாடிக்குப் புரியவில்லை. அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. நீ ஒருத்தி மட்டும் போய் நின்னா, பாக்கறவன் உன்னைத்தான் உத்துப் பாப்பான். நாம நாலு பேருமாப் போய் நின்னா? 'என்னடா இது, ஆம்பளைங்க ரேஸ்ல பொம்பளைங்க டீம் நிக்குது'ன்னுதானே சொல்வான்? உனக்கு வேண்டியது அதுதானே?"

கூடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது: "கடைசியில வருவீங்க."

"வந்தா வரோம்! உங்களை யாரும் கூப்பிடல!" என்றாள் அண்ணி.

காத்தாடி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். மற்ற மூன்று பேருக்கும் சோதனையில் எந்தச் சிக்கலும் இல்லை. கணக்குப் பிரிவில் ஒரு பெண் நன்றாகவே ஓடுவாள், அவளைச் சேர்த்துக்கொண்டால் மகளிர் கோப்பை இவர்களுக்குத்தான். தன்னால் அது கைநழுவிப் போனால், மேஸ்திரியம்மா முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த நாள் கேன்டீனில் இதையெல்லாம் அவளே மேஸ்திரியம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

மேஸ்திரியம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"ஏண்டி, கோப்பையை வெச்சு என்ன பண்ணப் போறேன்? அதுல தண்ணி ஊத்திக் குடிக்கவா? அலமாரியில இருந்தா தினம் நான்தான் தூசி தட்டணும்."

"உங்களுக்கு இதுதான் கடைசி வருஷம்னு..."

"போன வருஷமும்தான் கடைசி வருஷம். இங்க பாரு, உன்னை வெளியே நிறுத்திட்டு நான் ஜெயிச்சேன்னா, அன்னைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவேனா? எனக்கு இருக்கறது முழங்கால் வலி மட்டும்தான். தூக்கமும் போகணுமா?"

"ஆம்பளைங்களைத் துரத்தி ஓடணும்னா எனக்கு ஆசையாத்தான் இருக்கு," என்றாள் பொடிசு வாய் நிறைய மென்றுகொண்டே.

காத்தாடி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து அண்ணி முதுகைத் தடவப் போனாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இன்னைக்கே முற்றத்துக்குப் போகலாம் அண்ணி," என்றாள். மூச்சு முட்டியது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

பெயர் கொடுக்கப் போனபோது செயலாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விதிகள் அடங்கிய புத்தகத்தை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டினார். பெண்கள் பொதுப் பிரிவுக்கு வரக்கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு பெயரையும் பதிந்துகொண்டார்.

பாய்லர்காரர் கேள்விப்பட்டதும் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "கால் வேகத்துல அவங்களை ஜெயிக்க முடியாது. ஆனா பேட்டனுக்குக் கால் கிடையாது, அது கைவழியாத்தான் போகுது. ஆம்பளைங்க பாதிப் பேரு திரும்பிப் பாத்துத்தான் வாங்குவான். நீங்க கைமாத்தறதுல ஒரு தப்புகூட வரக்கூடாது." அன்றிலிருந்து முற்றத்தில் புழுதி பறந்தது.

போட்டி நாளில் மைதானம் நிறைந்திருந்தது. சேதி பரவியதால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே பாதி. எட்டு அணிகள் வந்து நின்றன: தீயணைப்புக்காரர்கள், ரயில்வே பட்டறைக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தபால்காரர்கள், பேக்கரிக்காரர்கள் என்று எல்லோரும் ஆண்கள். நடுவே தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு நாலு பெண்கள்.

"என்னடா இது, பொம்பளைங்க வந்து நிக்கறாங்க!" என்றான் பேக்கரி அணியில் ஒருவன்.

அண்ணி காத்தாடியின் விலாவில் முழங்கையால் இடித்தாள். காத்தாடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னதற்காக அவனைக் கூப்பிட்டு நன்றி சொல்லலாம் போலிருந்தது.

சீட்டு எடுத்ததில் இவர்களுக்கு வெளிக்கோடித் தடம் கிடைத்தது. வளைவைச் சரிக்கட்டுவதற்காக அந்தத் தடத்தின் ஆள் எல்லோருக்கும் முன்னால் நின்று புறப்பட வேண்டும். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாமதான் முதல்ல இருக்கோம். இப்படியே முடிச்சிட்டா நல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பொடிசு தன் இடத்துக்கு ஓடினாள். மற்றவர்களும் அவரவர் இடத்துக்குப் பிரிந்தார்கள்.

துப்பாக்கி வெடித்தது. கடைசிக் கைமாற்ற இடத்தில் நின்ற காத்தாடி எம்பி எம்பிப் பார்த்தாள். மேஸ்திரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். வளைவு முடிவதற்குள் எல்லோரும் அவளை முந்திவிட்டார்கள். ஆனால் பேட்டன் அவள் கையிலிருந்து பொடிசின் கைக்குப் போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். பக்கத்துத் தடங்களில் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், தடுமாறினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். தபால்காரர்கள் பேட்டனையே கீழே போட்டுவிட்டார்கள். "பார்சல் போச்சு!" என்று கூட்டம் கத்தியது. பொடிசு அந்தக் குளறுபடியைத் தாண்டிச் சிட்டாகப் பறந்தாள். அவளிடமிருந்து அண்ணி வாங்கியதும் அதே சுத்தம்.

அண்ணி வளைவைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்து, வாய் கோணி, கண் பிதுங்கி, வீட்டில் அண்ணனைத் திட்ட வரும்போது இருக்கும் அதே முகம். குறி வைத்திருந்த இடத்துக்கு அண்ணி வந்ததும் காத்தாடி புறப்பட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டினாள். பேட்டன் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. ஒரு இழுப்பு இழுத்தாள்.

வரவில்லை.

அண்ணி விடவில்லை. கூட்டத்தின் இரைச்சல் ஆலையின் இரைச்சல்போலவே இருந்ததோ என்னவோ, பாய்லர்காரர் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்ததெல்லாம் மறந்து அவள் கை பழைய கையாகிவிட்டது. இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருந்தது. முன்னால் நாத்தனாரும் பின்னால் அண்ணியுமாக, ஒரே குச்சியைப் பிடித்துக்கொண்டு இருவரும் முழு வேகத்தில் ஓடினார்கள். கைமாற்றம் முடிய வேண்டிய கோடு எதிரே வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கைமாறினால் அணி அவுட்.

"அண்ணி! விடுங்க!"

"இழுடி!" என்றாள் அண்ணி மூச்சிரைக்க.

காத்தாடிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொரு இழுப்பு இழுத்தாள். பேட்டன் வந்துவிட்டது. அடுத்த காலடி கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

உள்தடத்தில் இதைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்த பேக்கரிக்காரன், இரண்டு பெண்கள் ஒரு குச்சிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றே நினைத்துவிட்டான். வாய் பிளந்து பார்த்ததில் அவன் தன் ஆளுக்குக் கொடுக்கத் தாமதமாகிவிட்டது. காத்தாடி அதையெல்லாம் பார்க்கவில்லை. கையும் காலும் நாலு திசையிலும் சுழல, எதிரே வெட்டவெளியாகக் கிடந்த தடத்தில் ஓடினாள். இடையில் எத்தனை நாள் கட்டிப்போட்டிருந்த கால்கள்! முன்னால் பேக்கரியின் கடைசி ஆள் ஓடிக்கொண்டிருந்தான். நெருங்கினாள். அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லைக் கோட்டில் நெஞ்சை முன்னே தள்ளினாள், அவனைவிட ஒரு விரற்கடை முன்னால்.

நின்றதும் திரும்பி, கைமாற்ற இடத்தைத்தான் பார்த்தாள். அங்கே நின்ற நடுவர் குனிந்து கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று காட்ட ஒரு கையில் மஞ்சள் கொடி, சரி என்று காட்ட ஒரு கையில் வெள்ளைக் கொடி. அண்ணி அவர் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நடுவர் நிமிர்ந்தார். வெள்ளையைத் தூக்கினார்.

அண்ணி போட்ட கூச்சல் மைதானத்தின் அடுத்த கோடிவரை கேட்டது. நாலு பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பொடிசு குதித்தாள். மேஸ்திரியம்மா முழங்கால் வலியை மறந்து ஆடினாள். பாய்லர்காரர் வேலியைத் தாண்டி ஓடிவந்து, "பேட்டன்டி அது, பேட்டன்! பெட்ஷீட் இல்ல!" என்று அண்ணியைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டு அணியில் ஆறாவது இடம். அதற்கா இத்தனை ஆட்டம் என்று ரயில்வேக்காரர்கள் வியந்து பார்த்தார்கள்.

ஒலிபெருக்கி முடிவுகளை வாசிக்கத் தொடங்கியது. முதலிடம் தீயணைப்புக்காரர்கள். ஓடுவதே பிழைப்பாக இருக்கிறவர்கள், வேறு யார் வருவார்கள்? இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று வாசித்த அறிவிப்பாளர், ஆறாவது இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். மேடைக்குப் பின்னால் கண்ணாடி அறைக்குள் அவர் செயலாளர் பக்கம் திரும்புவது கீழே இருந்தே தெரிந்தது. அவர் கேட்டது ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது.

"சார், இந்தச் சலவை ஆலை அணியில நாலு பேரும் பொம்பளைங்கதானா? அப்படியே சொல்லிடலாமா? அப்புறம் ஏதாவது தகராறு வந்துடப்போகுது."

காத்தாடியின் சிரிப்பு அப்படியே நின்றது. நாலு பேரும் நின்றார்கள். சேதி தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பஸ்ஸில் மேலும் கீழும் பார்த்தவர்கள், எல்லோரும் அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். செயலாளரின் கைக்குட்டை கழுத்துக்குப் போனது. ஒரு நொடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். புழுதியும் வியர்வையுமாக ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு நின்ற நாலு பேரையும் பார்த்தார்.

"அதுல என்ன சந்தேகம்? பொம்பளைங்கதான்," என்றார். "நாலு பேரும்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏன்யா, மைக் ஆன்லயா இருக்கு?" என்றார்.

"இருக்கு!" என்று மைதானமே பதில் சொன்னது.

சிரிப்பு அலையாக எழுந்தது. மேஸ்திரியம்மா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். "சரியாக் கேக்கல சார்! இன்னொரு தடவ!"

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம் வந்தது. யார் கையிலிருந்து யார் மைக்கைப் பிடுங்கினார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் செயலாளரின் பழைய வரவேற்புரைக் குரல், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, ஒலித்தது.

"பொதுப் பிரிவு. ஆறாம் இடம். சலவை ஆலை மகளிர் அணி."

விதி ஒன்றும் அன்றைக்கே மாறிவிடவில்லை. அடுத்த வருடமும் பஞ்சுக் குச்சி வரும், புத்தகத்தில் அதே வரிகள் இருக்கும். இவர்களும் இதே பொதுப் பிரிவில்தான் வந்து நிற்க வேண்டும். ஆனால் 'மகளிர் அணி' என்ற அந்த வார்த்தை ஒலிபெருக்கியில் ஏறிவிட்டது. அதைச் சொன்னவர் கூட்டமைப்பின் செயலாளர். கேட்டது மொத்த ஊரும்.

காத்தாடி நின்ற இடத்திலேயே புழுதியில் உட்கார்ந்து, குழந்தைபோல வாய்விட்டு அழுதாள்.

அண்ணி பதறிப்போய்க் குனிந்தாள். "என்னடி ஆச்சு? கால் பிசகிடுச்சா? எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல அண்ணி," என்றாள் காத்தாடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு."